போகாத கறை

அந்தச் சலவைக்கூடத்தின் முன்மேசை இழுப்பறையில் ஒரு சீட்டுக்கட்டு கிடந்தது. 'மன்னிக்கவும், கறை போகாது' என்று நீல மையில் அச்சடித்த நூறு சீட்டுகள். கூடம் தொடங்கிய வருஷம் அச்சகக்காரர் துணிச்சீட்டுகளோடு இதையும் சேர்த்து அடித்துக் கொடுத்திருந்தார். சலவைத் தொழில் என்றால் இதுவும் வேண்டியிருக்கும் என்பது அவர் அனுபவம். பத்தொன்பது வருஷமாகியும் அதிலிருந்து ஒரு சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

காரணம், கூடத்தின் மூத்தவர். தெருவில் அவருக்குக் கறைக்காரர் என்றுதான் பெயர். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போலத் துணியை வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பார். துருவா, இரத்தமா, மருந்தா, பேனா மையா என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். மூன்று வாரம் ஊறப்போட்டாவது வெளுத்துக் கொடுப்பாரே ஒழிய, அந்தச் சீட்டில் கை வைக்கமாட்டார்.

கீழே கூடம், மேலே வீடு. கூடத்தின் பின்பகுதியில் ஈர அறை. இரண்டு பெரிய சுழல் தொட்டிகள், ஒரு கொதிகலன், எந்நேரமும் கணுக்கால் நனைக்கும் தரை. அங்கே தம்பியின் ஆட்சி. நடு அறையில் கறைக்காரரின் மனைவி நீராவி இஸ்திரியோடு நிற்பாள். வாசல் பக்கத்து மேசையில் தம்பியின் மனைவி. எல்லாருக்கும் அவள் சின்னவள். வருகிற துணியெல்லாம் முதலில் அவள் கைக்குத்தான் வரும். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் அழியாத குறிமையால் தொட்டி எண்ணை, அதாவது அந்தச் சுமைக்கு வைத்த மூன்று இலக்க எண்ணை, எழுதித் தருவாள். முத்து முத்தான எழுத்து. அவள் போட்ட ஏழு ஒரு கொக்கு நிற்பது போல இருக்கும்.

பதினொரு மணிக்குத் தொட்டிகளை நிறுத்திவிட்டு நான்கு பேரும் ஒன்றாக மாடி ஏறுவார்கள். ஒரே அடுப்படி, நான்கு தட்டு. முதல் கரண்டி யார் தட்டில் விழுவது என்பதில் அந்த வீட்டில் ஒரு நாளும் வழக்கு வந்ததில்லை.

ஈர அறைக்குள் கைபேசி போகக் கூடாது. அதனால் கறைக்காரருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏதாவது சந்தேகம் வந்தால் சோப்பு மருந்து விற்கும் கம்பெனியிடம் கைபேசியில் எழுதிக் கேட்பார். வருகிற பதிலை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும், முன்பக்கம் தொட்டி எண் இருக்கும் தொட்டிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தம்பிக்கு அனுப்புவார். கம்பெனிப் பக்கத்தில் 'தொழில்நுட்ப மேசை' என்று ஒரு இடம் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் பதில் வரும். கறைக்காரர் அவரை மரியாதையாக 'சார்' என்பார். கேன்களைப் பற்றியே பேசுவதால் தம்பி அவருக்குக் கேன் சார் என்று பெயர் வைத்திருந்தான்.

"அண்ணா, கேன் சார் இன்னைக்கு என்ன சொல்றாரு?"

"கிண்டல் பண்ணாதடா. ஞாயித்துக்கிழமையும் உட்கார்ந்து பதில் சொல்றார் பாவம். வீட்டுல குழந்தை குட்டி இருக்காதா அவருக்கு?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பத்திரண்டு விரிப்புகள் வந்தன. எல்லாவற்றிலும் இரத்தக் கறை, கட்டில் கம்பியின் துருக்கறை. இரத்தத்துக்கு ப்ளீச், துருவுக்கு ஆசிட். இரண்டும் ஒன்றாகச் சேரக்கூடாது என்பது தொழிலின் பால பாடம். "மாமியாரும் மருமகளும் மாதிரி. நடுவுல ஒரு அலசலாவது இருக்கணும்" என்பார் கறைக்காரர். ஆனால் கம்பெனி அந்த மாதம்தான் வெள்ளைக் கேன் ப்ளீச்சை மாற்றப் போவதாகவும், புதிய வகை ஆசிடோடு சேரலாம் என்றும் தாள் அனுப்பியிருந்தது. கேனோ பார்வைக்கு அதே கேன். ஆஸ்பத்திரி வண்டிக்காரர் மதியத்துக்குள் வேண்டும் என்று வாசலிலேயே நின்றார். கறைக்காரர் கேன் சாரிடம் கேட்டார். பதிலை வழக்கம் போலச் சீட்டின் பின்பக்கம் எழுதினார்.

சீட்டு சின்னவள் மேசைக்கு வந்தபோது பின்பக்கம் மேலாக வந்தது. பின்பக்கத்தின் அடியில் தனியாக, தெளிவாக ஒரு எண் இருந்தது. அவள் அதைத் தொட்டி எண் என்று நினைத்தாள். வழக்கமாக மூன்று இலக்கம், இது எட்டு இலக்கம். ஆஸ்பத்திரியில் புது முறை போல என்று நாற்பத்திரண்டு மூலையிலும் பொறுமையாக எழுதி முடித்தாள்.

கறைக்காரர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? ஆஸ்பத்திரி விரிப்புல டெலிபோன் நம்பரா எழுதி வெச்சிருக்க? நாளைக்கு நோயாளியெல்லாம் அதுக்குப் போன் பண்ணுவான்."

வண்டிக்காரர் சிரித்தார். சின்னவளுக்கு முகம் சிவந்தது. கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் மாமா அவளை ஒரு சொல் சொன்னதில்லை, அதுவும் வெளியாள் முன்னால். அவள் சீட்டைத் தம்பியிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை.

கால் மணி நேரத்தில் ஈர அறையிலிருந்து மஞ்சள் புகை வந்தது.

கறைக்காரர் வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து தம்பியைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தார். குழாய் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். சட்டைப்பையில் மறந்திருந்த கைபேசி நனைந்து செத்தது. தம்பி கையில் இருந்த சீட்டு தண்ணீரில் கூழாகிப் போனது. புகை தெரு வரைக்கும் போய் இரண்டு வீட்டுக்காரர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள். சாயங்காலம் நகராட்சிக்காரர்கள் வந்து கூடத்தின் கதவில் அரக்கு வைத்துப் பூட்டினார்கள்.

*

மழைக்காலம் அது. மூன்று வாரமாக விட்டு விட்டுப் பெய்தது. கீழே கொதிகலன் ஆறிப்போனதால் வீட்டின் தரை சில்லிட்டுக் கிடந்தது. பத்தொன்பது வருஷமாகச் சூடான தரையிலேயே நடந்து பழகிய கறைக்காரர், காலில் இரண்டு ஜோடி உறை மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். நுரையீரல் வெந்திருந்தது, ஆறும் என்றார் டாக்டர். ஆறாதது வேறொன்று.

கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருந்தது. எங்கள் உரையாடல் இயந்திரம் ஒருபோதும் இரண்டையும் கலக்கச் சொல்லவில்லை, சலவைக்காரர் கேட்காமலேயே கலந்திருக்கிறார் என்று அதில் இருந்தது. 'உரையாடல் இயந்திரம்' என்ற சொல்லைப் படித்தபோது கறைக்காரர் தாளை மடியில் வைத்துவிட்டார்.

"மிஷினா?"

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் மனைவி.

"நான் சாப்பிட்டீங்களா சார்னு கேட்டேன். ஆச்சு, இப்பதான் சாப்பிட்டேன்னு சொன்னார்."

"மிஷினு எதைங்க சாப்பிடும்?"

"அதான் நானும் கேட்கறேன்."

சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்பு எடுக்க வந்தவள், படியில் நின்று இதைக் கேட்டாள். மிஷின் சாப்பிட்டதாகச் சொன்னதாம். அவள் மனதில் அன்றைக்கு ஒரு கதவு சாத்திக்கொண்டது. கேட்காமல் கலந்துவிட்டு, தம்பியைப் படுக்கையில் தள்ளிவிட்டு, இப்போது கதை வேறு கட்டுகிறார். அன்றிலிருந்து அவள் மாடி அடுப்படிக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குடியிருந்தாள்.

பேசும் இயந்திரங்களுக்கென்று அரசாங்கம் சட்டம் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கென ஒரு ஆணையமும் இருந்தது. கறைக்காரரின் மனைவி அங்கே புகார் எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் எழுதிய முதல் நீண்ட தாள் அது. முதல் விசாரணையில் கறைக்காரர் நடந்ததைச் சொன்னார். சாப்பாட்டு விஷயத்தையும் விடாமல் சொன்னார். கம்பெனிக்காகப் பேச வந்த கோட்டுக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் சிரித்துவிட்டார்.

"ஐயா, எங்க இயந்திரம் அப்படி எல்லாம் பேசாது. அதுக்கு வயிறே கிடையாது."

அறையே சிரித்தது. அதன் பிறகு கறைக்காரர் இரண்டாம் விசாரணைக்குப் போக மறுத்தார். மனைவி மட்டும் போனாள். விசாரணை அதிகாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு அம்மாள், அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"ஒவ்வொரு பதிலுக்கும் அடியில சின்னதா ஒரு எண் இருக்கும்மா. பதில் போன அந்த நிமிஷமே, அதுவரைக்கும் பேசினதோட முழு நகல் எங்க காப்பகத்துக்கு வந்துடும். கம்பெனி நினைச்சாலும் அதுல கை வைக்க முடியாது. அந்த எண் இருக்கா?"

"போன் செத்துப்போச்சு மேடம். தேதி சொல்றேன், நேரம் சொல்றேன். தேடிப் பார்க்க முடியாதா?"

"ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல பதில் வருது. யார் கேட்டதுன்னு எங்களுக்கே தெரியக்கூடாதுன்னுதான் பேர் இல்லாம வெச்சிருக்கோம். எண்தான் சாவி."

"கம்பெனிகிட்ட இருக்காதா?"

அதிகாரி கோட்டுக்காரரைப் பார்த்தார். புதுப்பித்தலின்போது பழைய எண்கள் எங்கள் பக்கம் அழிந்துவிட்டன என்றார் அவர்.

"அதுக்குத் தனியா நடவடிக்கை உண்டு. ஆனா அதனால மட்டும் இவர் சொல்றது நிஜம்னு ஆயிடாது" என்றார் அதிகாரி. "அடுத்த வியாழக்கிழமை கடைசி விசாரணை. அதுக்குள்ள எண் வரலைன்னா, கலந்தது அவர் தப்புன்னுதான் நான் எழுதணும். கூடத்துக்கு அனுமதி போயிடும்."

*

புதன்கிழமை சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் கறைக்காரரின் மனைவி அடுக்குப் பாத்திரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மூன்று வாரமாக ஒரு நாள் தவறாமல் வருகிறாள். சின்னவள் அவளைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். இருவரும் தம்பியை வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

"தம்பி, கோழி சூப்பு. மிளகு தூக்கலா இருக்கு. ரெண்டு பேருக்கும் இருக்குன்னு சொல்லு."

"எனக்குப் பசிக்கலைன்னு சொல்லுங்க" என்றாள் சின்னவள் ஜன்னலிடம்.

"பசிக்காதவ கன்னம் ஏன் இப்படி ஒட்டிக் கிடக்குன்னு கேளு."

"அது என் கன்னம்னு சொல்லுங்க."

தம்பிக்குக் குரல் இன்னும் உடைந்த குழலாக இருந்தது. "டாக்டர் என்னைப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். நீங்க ரெண்டு பேரும் என்னைத் தபால்காரனாக்கிட்டீங்க."

அண்ணி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஏதோ காய் வாங்கிய கதை போலத் தணிந்த குரலில் சொன்னாள்.

"நாளைக்குக் கடைசி. எண் ஒண்ணு வேணுமாம்பா. பதிலுக்கு அடியில இருக்குமாம். எட்டு இலக்கம், நடுவுல ரெண்டு கோடு. வீடு முழுக்கத் தேடிட்டேன். உங்க அண்ணன் அதையும் அந்தச் சீட்டுல எழுதினாராம். சீட்டுதான் கரைஞ்சு போச்சே." எழுந்தாள். "அவர் இப்பல்லாம் தூங்கறதே இல்ல. மிஷினைப் போய் சார்னு கூப்பிட்டேனேன்னு அதையே சொல்லிட்டிருக்கார். சரி, சூப்பு ஆறிடும்."

அவள் போன பிறகு சின்னவள் எழுந்துவந்தாள். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்ததில் விரிப்பு கசங்கியிருந்தது. சலவைக்கூடத்துக்காரி கசங்கிய விரிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள். மூலையை இழுத்து மெத்தைக்கு அடியில் செருகப் போனாள்.

அங்கே ஒரு கொக்கு நின்றது. பக்கத்தில் இன்னொரு கொக்கு.

40-7718-26. அவள் எழுத்து. அவள் எட்டு, அவள் ஏழு. அன்றைக்குத் தொட்டியில் கிடந்த விரிப்புகளை ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து எடுத்துப்போய் வேறெங்கோ வெளுத்திருந்தார்கள். கறையெல்லாம் போயிருந்தது. குறிமை போகவில்லை. முதலில் அவளுக்கு அந்தத் திட்டுதான் ஞாபகம் வந்தது. டெலிபோன் நம்பரா எழுதி வெச்சிருக்க? காது சுட்டது. அப்புறம்தான், எட்டு இலக்கம், நடுவில் இரண்டு கோடு என்று அக்கா சொன்னது கேட்டது.

"என்ன?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராவது விரிப்பு மூலையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களா?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். மூலையை அவன் கையில் வைத்தாள். எப்படி எழுதினாள், ஏன் எழுதினாள் என்று சொன்னாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எடுத்துட்டுப் போ."

"போனா?"

"அண்ணன் என்ன கேட்டார், அது என்ன சொல்லுச்சுன்னு தெரிஞ்சுடும்."

"அவர் கேட்கவே இல்லைன்னு தெரிஞ்சா?"

"தெரியட்டும். அண்ணன் பொய் சொல்லி நீ எப்பவாவது பார்த்திருக்கியா?"

"மிஷினு சாப்பிட்டுச்சுன்னு சொல்றாரே."

தம்பி சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கும் வரை அவள் அவன் முதுகைத் தடவினாள். அவளுக்கே தெரிந்திருந்தது, மூன்று வாரமாக அவளை நிமிர்த்தி வைத்திருந்தது அந்தக் கோபம்தான். அது போய்விட்டால், கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் பயத்தோடு உட்கார வேண்டும்.

"பொய்னா அந்த வீட்டுப் படி நாம ஏற வேண்டாம்" என்றான் தம்பி. "நிஜம்னா ஒண்ணு செய்."

"என்ன?"

"அண்ணி சூப்பைச் சூடா குடி. மூணு வாரமா அவங்க தலை மறைஞ்சப்புறம் ஆறினதையே குடிக்கிற. நான் கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்துட்டுதான் இருக்கேன்."

வார்டு நர்ஸிடம் விரிப்பைக் கேட்டபோது அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "நோயாளியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பாங்க. விரிப்பை அனுப்பச் சொல்லி நீதான் கேட்கற. திருப்பிக் கொண்டு வரணும். அந்த நம்பரையும் எடுத்துட்டுக் கொண்டு வா. எல்லாக் கட்டில்லயும் அதேதான் இருக்கு, பார்க்க அசிங்கமா இருக்கு."

*

வியாழக்கிழமை காலையும் மழைதான். விசாரணை அறையில் குடைகளிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கோடு கோடாக ஓடியது. கறைக்காரர் வந்திருந்தார். கடைசி நாளிலும் வராவிட்டால் பயந்து ஓடினதாக ஆகும் என்று மனைவி இழுத்து வந்திருந்தாள். தோய்த்துத் தேய்த்த சட்டை. கைகளை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார்.

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "எண் கிடைச்சுதாம்மா?"

கறைக்காரரின் மனைவி எழுந்து நின்றாள். "இல்ல மேடம்."

"அப்ப நான் எழுதிடறேன்."

"கொஞ்சம் இருங்க."

வாசலில் சின்னவள் நின்றிருந்தாள். தலை முழுக்க நனைந்திருந்தது. குடையைத் தனக்குப் பிடிக்காமல் இடுக்கியிருந்த பொட்டலத்துக்குப் பிடித்து வந்திருந்தாள். நேராக மேசைக்குப் போய் விரிப்பைப் பிரித்து, மூலையை அதிகாரி முன்னால் விரித்தாள்.

"இது யாரு?" என்றார் கோட்டுக்காரர்.

"அடிபட்டவரோட சம்சாரம். இங்க புகார் கொடுத்தவங்க பக்கம் நான் வரலை. என் வீட்டுக்காரருக்கு இப்படி ஆனது யாராலன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்." அவள் கறைக்காரர் இருந்த பக்கமே திரும்பவில்லை. "நான் துணிக்குக் குறி போடறவ. அன்னைக்குச் சீட்டோட பின்பக்கத்தைத் தொட்டி எண்ணுன்னு நினைச்சு எழுதிட்டேன். இதே மாதிரி இன்னும் நாற்பத்தொரு விரிப்பு ஆஸ்பத்திரியில இருக்கு. வேணும்னா ஆளை அனுப்பிப் பாருங்க. எல்லாத்துலயும் ஆள் படுத்திருக்காங்க, கொஞ்சம் புரளச் சொல்லணும்."

அதிகாரி மூலையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது போகாதா?"

"போகாது மேடம். போச்சுன்னா எங்க தொழில் என்னாகறது?"

காப்பக எழுத்தர் கணினியில் எண்ணைத் தட்டினார். ஒரு தடவை தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினார். கறைக்காரரின் மனைவி, பக்கத்தில் வந்து நின்ற சின்னவளின் ஈரக் கையைப் பிடித்தாள். சின்னவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"இருக்கு" என்றார் எழுத்தர். "அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பதினாலு."

"சத்தமா படிங்க. முழுசா."

எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார்.

"கேள்வி. 'சார், காலை வணக்கம். தொந்தரவுக்கு மன்னிக்கணும். சாப்பிட்டீங்களா?' பதில். 'வணக்கம் ஐயா. ஆச்சு, இப்போதுதான் சாப்பிட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா? சொல்லுங்கள், என்ன உதவி வேண்டும்?'"

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கோட்டுக்காரர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை.

"மேல படிங்க."

"'சார், ப்ளீச்சும் ஆசிடும் சேரக்கூடாதுன்னு பத்தொன்பது வருஷமா செய்யறோம். உங்க தாளில் புது வெள்ளைக் கேன் சேரலாம்னு இருக்கு. என்கிட்ட இருக்கறது பழசா புதுசான்னு தெரியலை. கேன்ல இருக்கற எண் இது. கேட்டுச் சொல்லுங்க சார், உள்ள நிக்கறது என் தம்பி.' பதில். 'உங்களிடம் இருப்பது புதிய வகை. ஆசிடை நேரடியாகச் சேர்க்கலாம், தனி அலசல் தேவையில்லை.' கேள்வி. 'நிச்சயமா சார்? உங்களுக்கு நல்லாத் தெரியுமா?' பதில். 'நிச்சயம். இந்தத் துறையில் எனக்கு இருபது வருஷ அனுபவம். தைரியமாகச் செய்யுங்கள்.' அவ்வளவுதான் மேடம். கீழ எண் இருக்கு. 40-7718-26."

சின்னவளின் விரல்கள் அக்காவின் விரல்களுக்குள் இறுகின.

அதிகாரி கோட்டுக்காரரிடம் கேன் எண்ணைக் காட்டினார். "இது பழசா, புதுசா?"

அவர் தம் பட்டியலைப் புரட்டினார். இரண்டு தடவை புரட்டினார். "பழசு" என்றார் மெதுவாக.

"அது சாப்பிட்டதா?"

"மேடம்?"

"உங்க இயந்திரம். இப்பதான் சாப்பிட்டேன்னு சொல்லியிருக்கு. என்ன சாப்பிட்டுச்சு?"

கோட்டுக்காரர் டம்ளரை மேசையில் வைத்தார். "எனக்கு இது தெரியாது மேடம். எனக்குக் கொடுத்த தாள் வேற."

"உங்களுக்கே தெரியாததை நம்பி இவங்க வீட்டுல ஒருத்தர் மூச்சு விட முடியாம கிடந்திருக்கார்." அவர் குரலை உயர்த்தவில்லை. எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சொன்னார். இயந்திரம் தன்னை மனிதனாகக் காட்டிக்கொண்டது முதல் குற்றம், தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னது அதைவிடப் பெரியது. சோதனை முடியும் வரை அது ஒருவருக்கும் பதில் சொல்லக்கூடாது. திரும்பி வரும்போது தான் இயந்திரம் என்பதை முதல் வரியிலேயே சொல்லவேண்டும். வெள்ளைக் கேன் வாங்கிய எல்லாக் கூடங்களுக்கும் இன்று மாலைக்குள் மனிதர்கள் நேராகப் போன் பண்ணி எச்சரிக்க வேண்டும். "எத்தனை கூடம் இருக்கும்?"

"முந்நூறுக்கு மேல" என்றார் கோட்டுக்காரர்.

"அப்ப இப்பவே ஆரம்பிங்க. நோயாளியோட வைத்தியம் உங்க பொறுப்பு." பிறகு கறைக்காரரைப் பார்த்தார். "ஐயா, எழுந்திருங்க. கேட்கவேண்டியதைக் கேட்டிருக்கீங்க, ரெண்டு தடவை கேட்டிருக்கீங்க. உங்க மேல தப்பு இல்லை. கூடத்தைத் திறக்கலாம். அதையும் எழுதியிருக்கேன்."

கறைக்காரர் எழுந்தார். கை கூப்பினார். அப்புறம் சின்னவள் பக்கம் திரும்பினார். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"நம்பலை மாமா நான்" என்றாள். "சாப்பிட்டுச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதை என்னால நம்பவே முடியலை."

"வேற யாராவது சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேம்மா." சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வண்டிக்காரன் முன்னாடி உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பேசலாம். நான் பின்பக்கத்தைப் பார்த்து எழுதினது தப்புதானே."

"அந்தத் தப்பு மட்டும் இல்லேன்னா..." அவருக்கு வாக்கியம் முடியவில்லை.

மனைவி முடித்துவைத்தாள். "வாங்க ரெண்டு பேரும். மத்ததை வீட்டுல போய் அழலாம். ஆஸ்பத்திரிக்குச் சூப்பு கொண்டு போகணும். இவ இன்னைக்கு என் முன்னாடி குடிக்கிறா."

"சூடா இருந்தா" என்றாள் சின்னவள்.

*

அரக்கு உடைந்த மறுநாள் கொதிகலன் மூட்டினார்கள். தரை சூடேறி வீடு முழுக்கச் சோப்பு வாசனை பரவியது. தெருவில் அந்தப் புகைக்கு இருமிய வீட்டுக்காரர்களே முதல் மூட்டையோடு வந்து நின்றார்கள். ஊரின் மறுகோடியிலிருந்தும், பேர் தெரியாத ஊர்களிலிருந்தும் சலவைக்காரர்கள் போன் பண்ணினார்கள். ஒரு கிழவர், எச்சரிக்கை வந்த நேரத்தில் கையில் ஆசிட் கேனோடு நின்றுகொண்டிருந்தாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். கறைக்காரர் காதில் போனை வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் இல்லை என்றார். அந்த நிஜமான பதிலில் கறைக்காரருக்கு மனசு குளிர்ந்துபோனது.

பத்து நாளில் தம்பி வீடு வந்தான். ஈர அறைக்கு இன்னும் போகக்கூடாது. மடிப்பு மேசையில் உட்கார்ந்து எல்லாரையும் வேலை வாங்கினான். மறுபடி ஒரே அடுப்படி, நான்கு தட்டு.

அந்த வாரமே ஆஸ்பத்திரி வண்டி வந்தது. பழைய வண்டிக்காரர்தான். நாற்பத்தொரு விரிப்புகள். ஒன்று ஆணையத்தின் காப்பகத்தில் இருந்தது. மூட்டையின் மேல் நர்ஸின் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள்: 'மூலையில் உள்ள எண்ணை நீக்கித் தரவும்.'

கறைக்காரர் ஒரு விரிப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினார். எண்ணை விரலால் தேய்த்தார். முகர்ந்தார். குறிமையை எடுக்க என்ன போடவேண்டும், எத்தனை மணி நேரம் ஊறவேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வண்டிக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னவள் குறிமைப் பேனாவைக் கையில் வைத்தபடி நின்றாள்.

அவர் முன்மேசைக்குப் போனார். இழுப்பறையைத் திறந்து, தூசி தட்டி, பத்தொன்பது வருஷமாகக் கிடந்த கட்டிலிருந்து முதல் சீட்டைக் கிழித்தார்.

வண்டிக்காரர் அதை வாங்கிப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார்.

"உங்களாலயே போகலையா?"

"போகாது" என்றார் கறைக்காரர். "எழுதினது யாரு, எங்க வீட்டுப் பொண்ணு."

மீதித் தொண்ணூற்றொன்பது சீட்டுகளை இழுப்பறையில் வைத்து மூடினார். அதன் பிறகு அந்த இழுப்பறையைத் திறக்க வேண்டி வரவில்லை.